பதினான்காவது தோல்வி

தோற்கிற அணியோடு பழகுவது, வெல்கிற அணியோடு பழகுவதைவிடச் சுகமானது. வெல்கிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் பெண்சாதி பிள்ளைகளோடு படம் எடுக்கப் போய்விடுவார்கள். தோற்கிறவர்கள் போகமாட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பியர் குடிப்பார்கள், பக்கத்தில் இருக்கிறவனுக்கும் வாங்கிக் கொடுப்பார்கள், அவன் என்ன நிறம் என்று பார்க்கமாட்டார்கள்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் தங்கச்சி. உங்கள் கணவர் யோகலிங்கத்தை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு மட்டக்களப்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். அணியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், எண்பத்தேழில், இங்கே ஓஸ்டர்முண்டிகனில் ஹம்மர்ஸ் என்று ஒரு பேஸ்போல் கழகம் இருந்தது. சுவிஸில் மற்றவர்கள் எல்லோரும் அந்த விளையாட்டைப் பொழுதுபோக்காய் ஆடினார்கள். சம்பளம் கொடுத்து ஆடவைத்தவர் எங்கள் தலைவர் கெர்பர் ஒருவர்தான். கம்பள வியாபாரி. அமெரிக்காவுக்குச் சுற்றுலா போனவர், டேல் என்ற பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். சம்பளத்துக்கு ஆள் வைத்த அந்த வருடத்தில், முதல் பதினொரு ஆட்டமும் தோல்வி. சும்மா ஆடுகிற தபால்காரரும் பேக்கரிக்காரரும் வந்து வென்றுவிட்டுப் போனார்கள்.

நான் கெர்பரின் கடையில் கம்பளம் உதறுகிறவன். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் புடவைக் கடையில் வளர்ந்ததால் ஆளைப் பார்த்துக் கதைக்கத் தெரியும். ஆங்கிலம் முன்பே இருந்தது, ஜேர்மனை இங்கே பிடித்துக்கொண்டேன். ஆகவே புள்ளி எழுதும் புத்தகத்தை என்னிடம் தந்தார்கள். அந்தக் கழகத்தில் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் நான் மட்டும்தான்.

என் அகதி விண்ணப்பத்தை அந்த வைகாசியில் நிராகரித்திருந்தார்கள். கெர்பர் வெளிநாட்டார் பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். இந்த மனிதன் இல்லாமல் என் கழகம் நடக்காது, இவனை இங்கேயே விடுங்கள் என்று. பருவம் முடிந்ததும் எழுதுவேன் என்றார். ஒரு கடிதம். அதுதான் நான் இந்த நாட்டில் இருப்பதா போவதா என்பது.

அந்த நேரத்தில்தான் உங்கள் கணவர் வந்து சேர்ந்தார். கூட்டிக்கொண்டு போனவன் நானேதான். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊர் எல்லே விளையாட்டு ஆடினதாகச் சொன்னார். சரி, கம்பும் பந்தும்தானே என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் அடியில் பந்து ரயில் பாதையைத் தாண்டிப் போய்விட்டது. டேல் தன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அண்ணே, இந்தப் பொல்லு சரியான தடிப்பு. எங்கட மூங்கில் கம்பெண்டா இன்னும் தூரம் போகும்" என்றார் உங்கள் ஆள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஒரு புள்ளியால் தோற்றோம். பதின்மூன்றாவதும் ஒரு புள்ளிதான். தோற்றும் எல்லோரும் சிரித்தார்கள். பியர் மேசையில் என் நாற்காலியில் யோகலிங்கத்தை உட்காரவைத்தார்கள். ஜேர்மன் ஒரு சொல் தெரியாது, ஆனால் அவர் தலையாட்டினால் மேசையே தலையாட்டியது. மொழிபெயர்க்க நான் பின்னால் நின்றேன்.

அடுத்த நாள் கடையில் கெர்பர் சொன்னார், கடிதம் யோகாவுக்குத்தான் என்று. இரண்டு தமிழர் இல்லாமல் கழகம் நடக்காது என்று எழுதினால் பொலிசார் சிரிப்பார்களாம். எனக்கு அடுத்த வருடம் பார்க்கலாமாம். நான் கோபிக்கவில்லை. வியாபாரி அப்படித்தான் செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் நான் என் இடத்தில் இருந்தேன்.

எங்கள் கடையில் கறை பட்ட சேலையை அப்பா கழித்துவிடமாட்டார். கறை உள்ளே போகும்படி மடித்து வைப்பார். விரித்துக் காட்டச் சொன்னால் விரிப்பார். கேட்காதவருக்கு அவராக விரித்ததை நான் பார்த்ததில்லை. பதினைந்து வயதுக்குள் நானும் நன்றாக மடிக்கப் பழகிவிட்டேன்.

உங்களுக்கு எல்லே தெரியும். அடித்தவன் ஓடும்போது அவன் உடம்பில் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். டெனிஸ் பந்து, பட்டால் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். பேஸ்போலில் பந்தைக் கையில் பிடித்தபடி போய் ஓடுகிறவனைத் தொட வேண்டும். ஆள்மேல் எறியக் கூடாது, ஏனென்றால் அந்தப் பந்து கல்லுக்குத் தம்பி. அதுவரை உங்கள் கணவர் அடிக்க மட்டுமே போனார், பந்து பொறுக்க இறங்கியதில்லை. ஆகவே இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவரவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நான் டேலிடம் சொன்னேன், இவனுடைய கை துப்பாக்கி மாதிரி, பந்து பொறுக்க வெளியே நிறுத்திப் பாருங்கள் என்று. நல்ல யோசனை என்று என் தோளில் தட்டினார். பிறகு யோகலிங்கத்துக்கு விதிகளைத் தமிழில் விளங்கப்படுத்தினேன். எல்லாம் சரியாகவே சொன்னேன். ஓடுகிறவனில் பந்து பட்டால் அவுட் என்றும் சொன்னேன். அதில் பொய் இல்லை. கையில் பிடித்தபடி பட வேண்டும் என்ற பாதி மட்டும் மடிப்புக்குள் போயிற்று. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் நின்றோம். பருவம் முழுவதிலும் ஒரே ஒரு வெற்றி, கைக்கெட்டும் தூரத்தில். எதிரணியில் ஊர்ஸ் என்ற தபால்காரர் ஓடிவந்தார். ஓட்டத்தில் அவருடைய தலைக்கவசம் கழன்று விழுந்தது. அது என் திட்டத்தில் இல்லை. நான் முதுகில் படும் என்றுதான் நினைத்தேன். உங்கள் கணவர் பந்தைப் பொறுக்கினார், முப்பது அடி தூரத்திலிருந்து எறிந்தார். அழகான எறி. சத்தம் நான் புள்ளி எழுதுகிற மேசைவரை கேட்டது.

ஊர்ஸ் விழுந்தார். உங்கள் கணவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினார். "அவுட்! அவுட்! அண்ணே, வெண்டிட்டம்!" மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை, இவர் மட்டும் சிரித்துக்கொண்டு துள்ளுகிறார். யாருமே அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. சாட்சி சொன்ன பதினேழு பேரும் முதலில் அதைத்தான் சொன்னார்கள்.

ஊர்ஸின் இடது கண் போயிற்று. இப்போதும் தபால்தான் போடுகிறார். பக்கத்து வீட்டுக் கடிதம் சிலவேளை எனக்கு வருகிறது, நான் முறைப்பாடு செய்வதில்லை.

பொலிசில் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். ஏன் எறிந்தாய் என்று கேட்டார்கள். "ஆளை அவுட்டாக்கத்தான் எறிஞ்சன். வேற என்னத்துக்கு?" என்றார். ஜேர்மனில் ஒரு சொல் இருக்கிறது, ஆவுஸ்ஷால்ட்டன். விளையாட்டில் ஆளை வெளியேற்றுவதற்கும் சொல்லலாம், விளக்கை அணைப்பதற்கும் சொல்லலாம், ஒருவனை ஒழித்துக்கட்டுவதற்கும் சொல்லலாம். அகராதியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தச் சொல்லைப் போட்டேன். தட்டச்சு செய்தவர் கையை நிறுத்தி, உண்மையிலேயே அப்படியா என்றார். நான் உங்கள் கணவரிடம் திரும்பி, "அவுட்டாக்கத்தானே?" என்று கேட்டேன். "ஓம் அண்ணே" என்றார். யா, ஆம் என்று தட்டச்சில் அடித்தார்கள்.

வெற்றியை எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். பதினான்காவது தோல்வி என்று என் கையாலேயே புத்தகத்தில் எழுதினேன். பதினான்குக்குப் பதினான்கு, பார்க்க ஒழுங்காய் இருந்தது. கெர்பர் கழகத்தை மூடினார், டேல் ஊருக்குப் போனார். கடிதத்தை யாருக்காவது எழுதத்தானே வேண்டும், எனக்கு எழுதினார். அன்று செய்த உதவியைப் பார்த்துப் பொலிசும் வெளிநாட்டார் அலுவலகமும் என்னை மொழிபெயர்ப்பாளராய் வைத்துக்கொண்டன. இந்த ஊரில் தமிழுக்கு வேறு ஆள் இல்லை. மாசியில் உங்கள் கணவரை விமானத்தில் ஏற்றினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினார் என்பதுவரை எனக்குத் தெரியும். வெளியே வந்தாரா என்பது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். உங்களுக்கும் தெரியாது என்கிறீர்கள்.

இப்போது நீங்கள் கைப்பையைத் திறந்து இங்கிருந்து போகுமுன் அவர் எழுதிய கடிதத்தை எடுத்து என் முன்னால் வைக்கிறீர்கள். அவருடைய எழுத்துத்தான். நான் வாசிக்க வேண்டியதில்லை, என் பெயர் இருக்கிற வரியை நீங்களே விரலால் காட்டுகிறீர்கள்.

"உருத்திரண்ணனிட்டக் கேட்டுத்தான் எறிஞ்சன்."

சரி. கேட்டார். ஆட்டம் தொடங்குமுன் மேசைக்கு வந்து, பந்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பந்து கல்லு மாதிரிக் கிடக்கு. இதால ஓடுறவனுக்கு எறியலாமா? பாவமெல்லோ?" என்று கேட்டார். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். "ஓம்" என்றேன். எறியலாம் என்றும் எடுக்கலாம், பாவம் என்றும் எடுக்கலாம். நாங்கள் காது கொடுத்துக் கேட்கிறோம் என்பதற்கே ஒரு நாளைக்கு நூறு தரம் ஓம் போடுகிறவர்கள். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவருடைய பொறுப்பு. அதனால்தான் எனக்கு நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை.

அழாதீர்கள் தங்கச்சி. நாளைக்குப் பத்து மணிக்கு வெளிநாட்டார் அலுவலகத்தில் உங்கள் அகதி விசாரணை இருக்கிறது, முகம் வீங்கிவிடும். இந்தக் கடிதத்தை அங்கே தாராளமாய்க் கொடுங்கள். நான் இங்கே சொன்னதையும் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். கடிதம் தமிழில் இருக்கிறது, நீங்களும் தமிழில்தான் கதைப்பீர்கள். அவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பயப்படாதீர்கள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பேன்.