ஜப்பானுக்கு ஒரு நன்றியுரை

நாவுலயிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு பள்ளி மாணவிகள்.

"நேத்து உங்க ஸ்கூல்ல ஜப்பான் புள்ளைங்களோட வீடியோவுல பேசினீங்களாமே?"

"எங்க பேசினோம்? லைன் நாப்பது நிமிஷந்தான். மொதல்ல குத்துவிளக்கு ஏத்தினாங்க. அப்புறம் வரவேற்பு நடனம். மிச்ச நேரமெல்லாம் பிரின்சிபல் பேசினாரு."

"இங்கிலீஷ்லயா?"

"தமிழ்ல. பாவம், அதுங்க அசையாம ஒக்காந்து கேட்டுச்சுங்க."

"நீ கேள்வி கேக்கலியா?"

"ஒரு கிழமையா மனப்பாடம் பண்ணினேன். அவரு முடிக்கவும் லைன் கட்டாகவும் சரியா இருந்துச்சு."

"அதோட முடிஞ்சிச்சா?"

"எப்படி முடியும்? நன்றியுரை என்னோட பொறுப்பாச்சே. 'எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன ஜப்பான் மாணவர்களுக்கு நன்றி'ன்னு, எழுதிக் குடுத்தத அப்படியே கறுப்புத் திரையப் பாத்துச் சொன்னேன். பிரின்சிபல்தான் மொதல்ல கை தட்டினாரு."