மச்சான் பிடித்த கயிறு

உச்சிப்பொழுது. கீழவைப்பாருக்குப் போகிற உப்பளச் சாலை. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு... ஈ காக்கை கிடையாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கரண்ட் வருகிறபோது வரட்டும், கிட்டே வந்து உட்காருங்கள்.

அந்தச் சாலையில் பைக்கில் போனது நம் டிக்சனுடைய பெரியப்பா மகள் ஷீஜாவும் அவள் புருஷன் எஸ்றாவும். முன்பெல்லாம் மூன்று பேராகப் போவார்கள். மூன்றாவது ஆள் ஷீஜாவின் தம்பி ரெனிஷ். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஒரு பழைய ஃபைபர் படகு, தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு, இரைக்குப் பொடி இறால், தூக்குவாளியில் புளிச்சோறு. காசில்லாதவனுக்கு அதுதானே டூர். ஒரு விளமீன் மாட்டிவிட்டால் போதும், ரெனிஷ் போடுகிற கூச்சலில் மற்ற மீனெல்லாம் ஓடிவிடும்.

நங்கூரக் கல் அடிக்கடி பாறையில் சிக்கும். ஒருவர் கயிற்றைப் பிடித்தபடியே முங்கிப்போய்க் கல்லை எடுத்துவிட்டு, இரண்டு தடவை சுண்டுவார். மேலே நிற்பவர் கல்லையும் ஆளையும் சேர்த்து இழுக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்தில், முங்குகிறவன் தன் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பானாம். கூடப்பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கு மனசு வரும்? கரையில் இதைக் கேட்டுவிட்டு இவர்களும் அப்படியே செய்தார்கள்... ஆனால் தலைகீழாக. எஸ்றாவுக்கு முங்கப் பயம். அதனால் முங்கியது ரெனிஷ், கயிறு அக்கா புருஷன் கையில். "அத்தான் பிடிச்சிருக்காவ, எனக்கு என்னக்கா பயம்?" என்று சிரிப்பான் அந்தப் பாவி.

போன வருஷம் ஒருநாள் ஆண்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். எஸ்றா மட்டும் வந்தான். காற்று வந்தது, கயிறு பாறையில் தேய்ந்து அறுந்தது, இருட்டுகிற வரைக்கும் தேடினேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். உடல் கிடைக்கவில்லை. ஊர் ஒருமாதிரி பேசியபோது, "எங்க அத்தான் அப்படிப்பட்டவுக இல்ல" என்று ஷீஜா சண்டைக்கே போனாள். அந்த நம்பிக்கையும் போய்விட்டால் அவளுக்கு உலகத்தில் யாருமில்லை.

தம்பி போன இடத்தில் பூப்போட வேண்டும் என்று அன்றைக்கு அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பின்னாலேயே சைக்கிளில் வந்த டிக்சன் கரையில் நின்றுகொண்டான்.

இரண்டு பேரும் அதே இடத்துக்குப் படகில் போய்க் கல்லை இறக்கினார்கள். காற்று இல்லை. அலை இல்லை. போட்ட பூ போட்ட இடத்திலேயே நின்றது... மல்லிகை வாசத்துக்கு மேலே ஏதோ சேற்று வாடை. ஷீஜா நங்கூரக் கயிற்றில் கை வைத்து ஜெபம் பண்ணினாள்.

கயிறு சுண்டியது.

ஒன்று... இரண்டு.

"அத்தான்... கீழேருந்து இழுக்கு."

எஸ்றா என்ன ஏது என்று கேட்கவில்லை. இறால் நறுக்குகிற கத்தியை எடுத்தான், கயிற்றை அறுத்தான். சரக்... அவ்வளவுதான். ஏற்கெனவே பழகின கை.

ஷீஜா அறுந்த கயிற்று நுனியைப் பார்த்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் அறுத்தீங்களா?"

"காத்து அடிச்சிட்டு... படகு கவுரப் பாத்துது... பயந்துட்டேன்ளா."

"அவன் சுண்டினானா?"

எஸ்றா திரும்பிக் கத்தியைக் கடல் தண்ணீரில் கழுவினான். இவனுக்காகவா ஊரோடு மல்லுக்கட்டினோம் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

அவன் எஞ்சினைப் போட்டான். எஞ்சின் உறுமுகிறது, தண்ணீர் நுரைக்கிறது, படகு இம்மியும் நகரவில்லை. கல்லோடு இருந்த கயிறுதான் அறுந்துவிட்டதே... ஆனாலும் நகரவில்லை. கருகல் வாடையோடு எஞ்சின் நின்றது.

"அடியில வல கில சுத்திருக்கும்" என்றான். வேறு வழியில்லை, முங்கித்தான் ஆக வேண்டும். மிச்சமிருந்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை அவளிடம் நீட்டினான்.

"விட்ர மாட்டியே?"

"நான் உங்கள மாதிரி இல்ல." வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் படகு கரைக்கு வந்தது. எஞ்சின் ஓடவில்லை, துடுப்புப் போட ஆளில்லை. உள்ளே ஷீஜா மட்டும். டிக்சன் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்ப் படகைப் பிடித்தான். "அத்தான் எங்கக்கா?"

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். தோல் மொத்தமும் உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"சத்தியமா இழுத்தேம்லே... கையி போற மட்டும் இழுத்தேன். ரெனிஷ்தான் விடமாட்டேன்னுட்டான்."