இடப்பக்க இருக்கையை விட்டு எழும் நாகபூசணி அக்காவுக்கு

பாரமேற்றும் லொறிகளின் பலத்தையும் அவற்றை ஓட்டும் மனிதரின் மனத்தையும் ஒருசேர அறிந்தவரே! பண்ணைப் பாலத்துப் பெருங்காற்றிலும் பதறாத பண்பினரே! எமது ஏழுகடல் பாரப் போக்குவரத்து நிறுவனத்தில், சொந்த லொறி வைத்திருக்கும் சாரதிகளைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பைப் பதினைந்து ஆண்டுகள் சுமந்து, இன்று ஓய்வு பெறும் திருமதி நாகபூசணி நடராசா அவர்களே! எங்கள் அக்காவே!

இது உங்களை வாழ்த்தி வழியனுப்பும் மடலாகவே தொடங்கியது. உங்கள் பொறுமைக்கு ஒரு பந்தி, நேர்மைக்கு ஒரு பந்தி என்று எழுதி முடித்திருந்தோம். கடந்த புதன்கிழமை தபாலில் வந்த விண்ணப்பங்களில் ஒன்றைப் பிரித்ததும், எல்லோர் பெயராலும் இதை எழுதும் துஷாந்தியாகிய நான் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். விண்ணப்பதாரர்: நாகபூசணி நடராசா. வாகனம்: சொந்த லொறி. கனரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம்: இணைக்கப்பட்டுள்ளது.

என் மேசைக்கு ஆறடி எதிரே இருந்துகொண்டு, எல்லோரையும் போல முத்திரை ஒட்டி அனுப்பியிருந்தீர்கள்! அன்று முதல் நீங்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைத் தரும்போதுகூடக் கண்ணைப் பார்க்கவில்லை. உங்களைச் சேர்ப்பதா, மறுப்பதா? இம்மடலே எங்கள் பதில்.

ஆயினும் சொல்ல வேண்டியதை முறையாகச் சொல்கிறோம். பிற நிறுவனத்தார் சுவரொட்டியும் பரிசுப் பொதியும் காட்டி லொறிக்காரரை அழைத்த காலத்தில், நீங்கள் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வெயிலில் நின்று பேசினீர்கள். "மாதம் எத்தினை ஓட்டம் வரும் எண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது. ஆனா கொழும்பிலயிருந்து வெறும் லொறியோட திரும்ப விடமாட்டன்" என்பீர்கள். சொன்னதைச் செய்தீர்கள். கருவாடும் புகையிலையும் கொண்டு போனவர், கோயில் திருப்பணிக்கான சீமெந்தோடு திரும்பினார். நன்றாக உழைத்தவருக்கு, திரும்பும் பாரத்தை முதலில் தெரிவு செய்யும் உரிமை கொடுத்தீர்கள். லொறிக் கதவில் உரிமையாளரின் பெயர் பெரிதாகவும் நிறுவனத்தின் பெயர் அதன் கீழே சிறிதாகவும் இருக்க வேண்டுமென்று முதலாளியோடு வாதாடி வென்றீர்கள்.

விண்ணப்பத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்' என்ற கேள்வியைச் சேர்த்தவரும் நீங்களே. பிழைப்புக்காக என்று எழுதிய வசீகரனிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இது ஊரிலை எல்லாருக்கும் உள்ள காரணம். உம்மடை காரணத்தை எழுதும்" என்றீர்கள். அவர் அரை மணிநேரம் பேனையைக் கடித்துவிட்டு, "வீட்டிலை மாமியார் வந்து நிக்கிறா" என்று எழுதினார். உடனே சேர்த்துக்கொண்டீர்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, புதியவர் ஒவ்வொருவரின் முதல் ஓட்டத்திலும் நீங்களே இடப்பக்க இருக்கையில் ஏறி, கொழும்புப் பாதையில் தம்புள்ளை வரை வாய் திறவாமல் இருந்து பார்த்தீர்கள். திரும்பி வரும் வழியில் ஒரு சொல் சொல்வீர்கள்: ஓம், அல்லது இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்த ஆம்பிளையள் இச்சபையில் பலர் இருக்கிறார்கள்!

ஞாயிறுதோறும் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிறீர்கள் என்றே நம்பினோம். நீங்கள் மண்டைதீவு வெட்டவெளியில் லொறி ஓட்டப் பழகினீர்கள் என்று வியாழக்கிழமைதான் அறிந்தோம். பழக்கிய வசீகரனைப் பிடித்துக் கேட்டபோது, "ஆரும் கேட்டால் பூசை எண்டு சொல்லச் சொன்னவ. நானும் இரண்டு வருசமா அம்மாளைச் சாட்டிப் பொய் சொல்லிப்போட்டன்" என்று தலையைச் சொறிந்தார்.

அதிர்ச்சி அத்தோடு நிற்கவில்லை. வயது என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்து இருந்தது: "அறுபது. ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவரைப் புதிதாய்ச் சேர்ப்பதில்லை என்ற விதியை எழுதியது நான். ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு அதை வாசித்துக் காட்டியதும் நான். அதை வைத்தே முடிவெடுங்கள்."

ஏழு ஆண்டுகளுக்கு முன் மடத்துவெளிக் கிராமத்திலிருந்து வந்த ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. லொறியைக் கழுவி, திருநீறு பூசி, வாசலில் நிறுத்தியிருந்தார். நீங்கள் விதியைச் சொன்னீர்கள். அவர் கோபிக்கவில்லை. "ரயரைப் பார்த்தீர், பிறேக்கைப் பார்த்தீர். என்னை ஓடவிட்டுப் பார்க்கேல்லையே, பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பதினைந்து ஆண்டுகளில், நீங்கள் அருகில் ஏறாமலே 'இல்லை' என்று சொன்ன ஒரே மனிதர் அவர்.

அன்று அந்த மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவள் நான். தவறென்று என் நெஞ்சுக்குத் தெரிந்தும் விரல்கள் நிற்கவில்லை. விதியைப் பின்பற்றுகிறோம் என்ற நிம்மதி எத்தனை சுலபமாக மனத்தை மூடிவிடுகிறது! உங்கள் விண்ணப்பத்தை வாசித்தபோது நான் அதிர்ந்தது உங்கள் துணிச்சலால் மட்டுமல்ல. இந்த ஏழு வருடமும் நீங்கள் அவரை மறக்கவில்லை என்பதும், நான் மறந்திருந்தேன் என்பதுமே என்னை உலுக்கின.

நேற்று மாலை அலுவலகத்தில் உள்ள நாங்கள் ஆறு பேரும் கூடி அந்த விதியை நீக்கினோம். முதலாளியும் கையொப்பமிட்டார். உங்களுக்குச் சொல்வதற்கு முன் மடத்துவெளிக்குப் போய் ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் அதையும் உங்கள் விண்ணப்பத்தையும் சொன்னோம். ஆனால் காலம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. "எனக்கு இப்ப கண் காணாது, பிள்ளையள். லொறியையும் போன வருசம் குடுத்திட்டன்" என்றார். பிறகு அவரே கேட்டார்: "அப்ப அவவின்ரை முதல் ஓட்டத்திலை பக்கத்திலை ஆர் இருக்கிறது?"

நான்தான் என்றேன். திங்கள் முதல் உங்கள் பொறுப்பு எனக்கல்லவா!

"உமக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும்? என்னை ஏத்துங்கோ. கண் காணாட்டிலும் காது கேக்கும். கியர் மாத்திற சத்தத்திலையே ஆளைச் சொல்லிப்போடுவன்."

அக்கா, அவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். திங்கட்கிழமை விடிய, கருவாட்டுப் பாரத்தோடு, உங்கள் இடப்பக்க இருக்கையில் அவர் ஏறுவார். தம்புள்ளை வரை வாய் திறக்க மாட்டாராம். உங்களுக்குரிய சொல்லைச் சொல்ல வேண்டியவர் இனி அவர். அது ஓமோ இல்லையோ, இம்முறை ஓடவிட்டுப் பார்த்தே சொல்லப்படும்.

உடல்நலமும் நீண்ட ஆயுளும் நேரான பாதையும் உங்களுக்கு வாய்க்க, தீவகத்து அம்மாளை வேண்டுகிறோம். இன்று பொன்னாடை போர்த்த மாட்டோம். வெளியே உங்கள் லொறிக் கதவில் 'நாகபூசணி' என்று பெரிதாக எழுதியிருக்கிறோம். எங்கள் நிறுவனத்தின் பெயர் எழுதும் இடத்தை, ஆழ்வாப்பிள்ளை அண்ணை சொல்லும்வரை, வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
இன்னும் அதிர்ச்சி தீராத அன்புடன்,
ஏழுகடல் பாரப் போக்குவரத்து நிறுவன ஊழியர்கள்,
ஊர்காவற்றுறை.