கொண்டை வைத்த ஒன்று

ஆன்: 'எத்தன மாத்திர முழுங்கினாரு?'ன்னு டாக்டரு கேட்டாரே, நீ என்னா சொன்ன?

ஜெயசித்ரா: நீங்க சொல்லச் சொன்னதத்தான் அண்ணி. ஒண்ணுன்னேன்.

ஆன்: வெரலத் தூக்கிக் காட்டினியா?

ஜெயசித்ரா: காட்டினேன். பக்கத்து வெரலும் சேந்து எழுந்துச்சு. ரெண்டா தெரிஞ்சிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.

ஆன்: மோன் தியே, கடவுளே!... சரி, ஏழா தெரியல இல்ல?

ஜெயசித்ரா: மெல்லப் பேசுங்க அண்ணி.

ஆன்: ஏழுன்னா தற்கொலைன்னோ கொலைன்னோ எழுதிடுவாங்க. போலீசு வரும். என் தம்பி லூதோவிக் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருபது வருசம் குண்டுக்குத் தப்பினவன். பொண்டாட்டி கையால போனான்னு பேரு வேணுமா?

ஜெயசித்ரா: போனான்னு சொல்லாதீங்க. அவரு உசுரோடதான் இருக்காரு.

ஆன்: நெஞ்சு துடிக்கலயேடி!

ஜெயசித்ரா: துடிக்கல. ஆனா பாதம் வெதுவெதுன்னு இருக்கு, தொட்டுப் பாத்தேன். மெஷினு தொடை வழியா ரத்தத்த இழுத்து, காத்து ஏத்தி, திருப்பி உள்ள அனுப்புதாம். மீன் தொட்டிக்கு மோட்டார் வெப்பாங்களே, அது மாதிரி.

ஆன்: எல்லாத்துலயும் உனக்கு மீனுதான். எங்க வீட்டுக்கு வந்து ஆறு வருசமாச்சு, இன்னும் அந்தத் தவளக்குப்பம் மார்க்கெட்டு உன்ன விட்டுப் போவல. டாக்டரு சொன்னத சீட்டுல தெளிவாத்தான எழுதிக் குடுத்தேன்? புது மாத்திர, காலைல ஒண்ணு.

ஜெயசித்ரா: அது ஏழு மாதிரி இருந்துச்சு அண்ணி.

ஆன்: லிசேல, அந்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க ஒண்ணு அப்படித்தான் எழுதுவோம். கொண்டை வெச்சு. ஏழுன்னா நடுவுல குறுக்க ஒரு கோடு போடுவோம்.

ஜெயசித்ரா: எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணு மொட்டை. கொண்டை இருந்தா ஏழு.

ஆன்: நெஞ்சுப் படபடப்ப அடக்கற மாத்திரைய யாராவது ஏழு குடுப்பாங்களா?

ஜெயசித்ரா: சின்னச் சின்னதா இருந்துச்சு... அவரும் 'பட்டாளத்துலகூட இப்படிக் குடுக்கல'ன்னு சொல்லிக்கிட்டே காபியில முழுங்கினாரு. வயிறு நெறஞ்சிடுச்சு, இட்லி வேணாம்னாரு.

ஆன்: சந்தேகம் இருந்தா என்னக் கேக்கறதுக்கென்ன? வாய் இல்லியா? போன் இல்லியா?

ஜெயசித்ரா: ...இருக்கு அண்ணி.

ஆன்: அப்புறம்?

ஜெயசித்ரா: ...யாரோ வராங்க.

விமல்ராஜ்: அம்மா, நான் விமல்ராஜ். உள்ள மெஷினப் பாத்துக்கறவன். டாக்டருங்க பேசி முடிச்சிட்டாங்க. ஒரே ஒரு மாத்திரைல ஹார்ட்டு இப்படி நிக்காதாம். அப்ப சாரோட ஹார்ட்டே கெட்டுப்போயிருக்கணும். மெஷினோட ஆம்புலன்ஸ்ல ஏத்தி மெட்ராசுக்கு அனுப்பறாங்க. வேற ஹார்ட்டு வெக்கணுமான்னு அங்க பாப்பாங்க.

ஜெயசித்ரா: வேற ஹார்ட்டா!

ஆன்: யாரோடது?

விமல்ராஜ்: கெடைக்கறதப் பொறுத்தும்மா.

ஆன்: நாங்க நாலு தலைமுறையா மாதா கோயிலுக்குப் போற குடும்பம் தம்பி...

விமல்ராஜ்: ஹார்ட்டுக்கு ஞானஸ்நானச் சீட்டு கேக்க மாட்டாங்கம்மா.

ஜெயசித்ரா: தம்பி, வழியில ஏதாவது ஆயிடுமா?

விமல்ராஜ்: கொழாய் நழுவினா ஆபத்துதான். பொய் சொல்லக் கூடாது பாருங்க.

ஜெயசித்ரா: ஒருவேள... மாத்திர அதிகமாப் போயிருந்தா?

ஆன்: ஜெயா!

விமல்ராஜ்: அப்ப கதையே வேறம்மா. மாத்திரையோட வேகம் தீர்ற வரைக்கும் மெஷின் ஓடணும். ரெண்டு நாளோ மூணு நாளோ. அப்புறம் அவரு ஹார்ட்டே தானா கெளம்பிடலாம். எங்கயும் தூக்கிக்கிட்டுப் போவ வேணாம்.

ஜெயசித்ரா: ஏழு.

ஆன்: பயத்துல ஒளறுறா தம்பி.

ஜெயசித்ரா: ஏழு தம்பி. எண்ணிக் குடுத்தது நான்தான். போலீசு வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். அவரு ஹார்ட்டு அவருக்கே இருக்கட்டும்.

விமல்ராஜ்: ஏழா! இருங்க, இருங்க... சிஸ்டர்! டாக்டர்கிட்ட ஓடிப் போய் சொல்லுங்க, ஒண்ணு இல்லியாம், ஏழாம்! ஆம்புலன்ஸ நிறுத்தச் சொல்லுங்க!... ஏம்மா, குடுக்கறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?

ஆன்: அதத்தான் நானும் காலைலேருந்து கேக்கறேன்.

ஜெயசித்ரா: கேட்டேன் தம்பி.

ஆன்: யாரக் கேட்ட?

ஜெயசித்ரா: சீட்ட போட்டோ எடுத்து உங்களுக்குத்தான் அண்ணி அனுப்பினேன். 'இது ஏழுதானே அண்ணி?'ன்னு கேட்டேன். உடனே பதில் வந்துச்சு. கட்டைவெரலத் தூக்கிக் காட்டற பொம்மை.

ஆன்: பொய்! நான் எப்ப...

ஜெயசித்ரா: உங்க போனப் பாருங்க.

ஆன்: இங்க பாரு தம்பி, தொறந்தே காட்டறேன். அப்படி எதுவும்...

விமல்ராஜ்: ஏழுதானேன்னு கேட்டிருக்காங்க... ஆமா, கீழ கட்டைவெரல்... அம்மா, இன்னிக்கு வந்தது இதோட சரி. ஏன் மேல மேல தள்ளிக்கிட்டே போறீங்க? அது போன வருசத்தது... அம்மா?... உங்களத்தாம்மா!... என்னாங்க இது, அவங்க பாட்டுக்குப் படியில எறங்கிப் போறாங்க?

ஜெயசித்ரா: போவட்டும் தம்பி. 'எங்கப்பா எறந்துட்டாரு அண்ணி'ன்னு போன வருசம் அனுப்பினேன். அதுக்கும் இதே கட்டைவெரல்தான் வந்துச்சு... படிச்சிட்டுத்தான் போட்டாங்கன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்.