கொடியில் காய்ந்த போலீஸ் சட்டை

– எடுடி அதை. டிம்ப்னா, உன்னைத்தான். கொடியிலேர்ந்து அந்தச் சட்டையை எடு.

– இருக்கட்டும், ஃபிலமினா. ஈரம் சொட்டுது.

– போலீசுன்னாலே எதிரிப் படைதான் நம்ம ஆளுங்களுக்கு. பெல்ஃபாஸ்ட்ல எந்தக் கத்தோலிக்க வீட்டுல போலீஸ் சட்டையை வெளியில காயப்போட்டிருக்காங்க? ரெண்டு வருஷமா அடுப்படியிலதானே காயவச்சே?

– உனக்கெப்படித் தெரியும்? எம்மக ரோஷீனுக்கு பேங்க்ல வேலைன்னுதானே ஊருக்கெல்லாம் சொன்னேன்.

– ஆமாமா, ஞாயித்துக்கிழமையும் திறக்கிற பேங்க். பூசைக்குக்கூட லீவு தராத பேங்க். தெருவே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது.

– சிரிக்கட்டும். போன வாரம் கோயில் ஹால்ல எம்மக நின்னு, போலீசை நம்புங்கன்னு பேசினா. ஒரு ஆள் வரலை. நானும் போகலை.

– தெரியும். ஜன்னல்ல பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். போட்ட சாண்ட்விச் அத்தனையும் தட்டோட திரும்பிப் போச்சு.

– வீட்டுக்கு வந்து கேட்டா, 'பெத்தவளே என் சட்டையை ஒளிச்சு வச்சா ஊர் எப்படிம்மா நம்பும்'னு.

– ஊர் நம்புறதுக்கு அவ சாகணுமாடி? தினம் காருக்கடியில குண்டு இருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டுத்தானே வண்டி எடுக்கிறா?

– சாவி விழுந்துட்டுதுன்னு சாக்கு சொல்லிக்கிட்டு. ஆனா நேத்து பார்க்க விடலை. விடிஞ்சதும் ஆபீசருங்க வந்து, வண்டியைத் தொடாதேன்னுட்டாங்க. குண்டு வைக்க வந்த பையனைத் தெரு மூலையிலயே பிடிச்சாச்சாம். யாரோ முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க.

– யாருன்னு சொன்னாங்களா?

– பேர் வெளியில வராதாம். பொம்பளைக் குரல், நம்ம தெருதான்னு மட்டும் சொன்னாங்க. இந்தத் தெருவுலேர்ந்து போலீசுக்கு ஒரு போன் போயிருக்குடி, ஃபிலமினா. என் ஆயுசுல நடக்காதது. அதுக்கப்புறம் நான் எதுக்குச் சட்டையை ஒளிக்கணும்?

– போலீஸ்காரி அம்மாவை இந்தத் தெரு முறைச்சுட்டு விட்டுடும். காட்டிக்கொடுத்தவளை விடாது.

– அதான் அவளை நினைச்சு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். ஆமா, வாசல்ல என்ன பெட்டி?

– கிளாஸ்கோவுல அக்கா வீடு. மத்தியானக் கப்பல். இனிமே அங்கதான்.

– திடுதிப்புனு கிளம்பினா? உம்மகன் ஃபெர்கஸுக்கு யாரு பொங்கிப் போடுவா?

– உம்மக ஸ்டேஷன்லதான் இருக்கான். அவனை அடிக்க மாட்டோம்னு போன்ல எனக்கு வாக்குக் குடுத்தாங்க. காப்பாத்தினாங்களான்னு ரோஷீன்கிட்டக் கேட்டுச் சொல்றியா?