கன்னி மூலைத் தொட்டி

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள்.

“சூரியன வடக்கால நவுத்த முடியாதான்னு கேக்குறா மச்சான், எம் பொண்டாட்டி.”

“இன்னாத்துக்கு?”

“சோலார் போட மாடியப் பாக்க ஆளு வந்தான். தெக்கால தண்ணித் தொட்டி நெயலு வுழுது, தொட்டிய நவுத்துன்றான். வாஸ்துப்படி கன்னி மூலையில வெச்சது, நவுத்தினா ஊடு உருப்படாதுன்றா இவ.”

“இப்ப ரொம்ப உருப்பட்டுகினு கீது பாரு. அப்பால?”

“பக்கத்து ஊட்டு மாடிய எட்டிப் பாத்தான். மாடின்னா இதான் மாடின்னு அங்க மாட்டிட்டுப் பூட்டான்.”

“அந்த ஊட்டுத் தொட்டி எங்க கீது?”

“வடக்கால, ஈசானி மூலையில.”

“அங்க தொட்டி வெச்சவன் அழிஞ்சே பூடுவான்னு தெரு பூரா சொல்லிகினு இருந்தது நீதானே மாமே?”