பரிசலுக்கு வலது பக்கம் எது?

ஞாயிறு காலை, ஒகேனக்கல் போகும் பஸ். தூங்குவதுபோல் நடித்து ஒட்டுக்கேட்பது எனக்கிருக்கும் ஒரே திறமை. முன்சீட்டில் பைபிளும் நோட்டுமாக ஒரு உபதேசியார், பக்கத்தில் அவர் மனைவி.

“பரிசலுக்கு ஏதுங்க வலது பக்கம்?” என்றார் அந்த அம்மா.

“இயேசு சொல்றாரில்ல, படகுக்கு வலது பக்கமா வலய போடுங்கன்னு? இன்னிக்கு பிரசங்கமே அதான்.”

“அது படகுங்க. இன்னிக்கு கேக்க வர்றவங்க பூரா பரிசல் ஓட்டறவங்க, எங்கப்பா மாதிரி. பரிசல் வட்டமா இருக்குது, சுத்திக்கிட்டே போவுது. வலது பக்கம்னா சிரிப்பாங்க.”

உபதேசியார் நோட்டைப் பரபரவென்று புரட்டினார். “வலதுன்னா நீதின்னு பத்து பக்கம் எழுதிட்டனே! எறங்க அரை மணி நேரங்கூட இல்ல.”

“பதறாதீங்க. சுத்தற பரிசல்ல உக்காந்திருக்கறவனுக்கு எது எந்தப் பக்கம்னு தெரியாது. கரையில நிக்கறவருக்குத்தான் தெரியும். இயேசு அன்னிக்கு கரையிலதான நின்னாரு?”

அவர் பத்துப் பக்கத்தையும் அடித்துவிட்டு, அதை மட்டும் எழுதினார். முகம் தெளிந்துவிட்டது.

“இத்தன வருசமா இப்படி ஒண்ணுகூட சொல்லலியே நீ?”

“நீங்க பேசறப்ப எங்க மூச்சு வுட்டீங்க, நான் சொல்றதுக்கு?”